பேழையின் கதவு

எங்கள் அவலூர்பேட்டைக் கடைவீதியில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. அதன் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. தாள்கள் கிழிக்கப்பட்டு அடுக்கு மெலிந்துபோயிற்று; மேலே உள்ள படம் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது. வெண்புலி ஒன்று பசும்புல்லின்மீது படுத்து நம்மை நேருக்கு நேர் நோக்குகிறது. அடியில் ‘காட்டின் கம்பீரம்’ என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். செஞ்சிப் பேருந்துக்குக் காத்திருக்கும் வேளைகளிலெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து, அந்தப் படத்தோடு எனக்கு ஒரு வழக்கே ஏற்பட்டுவிட்டது. இக்கட்டுரை அந்த வழக்கிலிருந்து பிறந்தது.

காட்டின் கம்பீரம் என்கிறார்களே, அந்தப் புலி காட்டைக் கண்டதில்லை. அதன் தாயும் கண்டதில்லை. 1951இல் ரேவாக் காட்டில் பிடிபட்ட வெண்புலிக் குட்டிக்கு மோகன் என்று பெயரிட்டு, மன்னர் மார்த்தாண்ட சிங் கோவிந்த்கர் அரண்மனையில் வளர்த்தார். சாதாரணப் புலியோடு இணைசேர்த்தபோது வெண்குட்டிகள் பிறக்கவில்லை. பிறகு அதன் மகளோடேயே இணைசேர்த்தார்கள். 1958இல் நான்கு வெண்குட்டிகள் பிறந்தன. காட்டில் எஞ்சியிருந்த கடைசி வெண்புலி என்று அறியப்படுவது சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே 1958இல்தான். இன்று உலகின் மிருகக்காட்சி சாலைகளில் உள்ள வெண்புலிகளில் மிகப் பெரும்பாலானவை மோகனின் வழிவந்தவை. வெண்மை ஒரு தனி இனத்தின் அடையாளமன்று. ஒரு மரபணுவின் மாறுபாடு. அதைத் தக்கவைப்பதற்காக உறவுக்குள்ளேயே பெருக்கியதால் மாறுகண் முதலிய குறைகள் வழிவழியாகத் தொடர்கின்றன. 2011இல் அமெரிக்க உயிரியல் பூங்காக்களின் சங்கம் இந்த இனப்பெருக்கத்தை நிறுத்துமாறு தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. ஆயினும், விலங்குப் பாதுகாப்பு என்றதும் நாளிதழ்களில் வெளிவரும் படம் பெரும்பாலும் எது? புதிதாகப் பிறந்த வெண்புலிக் குட்டிகள், அவற்றைப் பார்வையிடும் பெரியவர்கள், பெயர்சூட்டும் விழா.

நாட்காட்டி அச்சிட்டவரை மட்டும் நான் குறைகூற வரவில்லை. உயிரியல் பூங்காக்களில் நடைபெறும் காப்புப் பணியைப் படமெடுப்பது இன்று ஒரு தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது. அத்துறையின் படங்களை நாம் கண்ணால் உண்டு மகிழ்கிறோமே அன்றி, கவிதையை, கதையை மதிப்பிடுவதுபோல் மதிப்பிடுவதில்லை. படம் அழகாயிருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். ஒரு விலங்குப் படத்திடம் அழகுக்கு மேல் எதைக் கேட்கலாம்?

முதலில் அகழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செஞ்சிக் கோட்டையின் அகழியை அறியாதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. பகைவன் உள்ளே வராதிருக்க வெட்டியது அது. மிருகக்காட்சி சாலைக்கு அகழியைக் கொண்டுவந்தவர் ஜெர்மானியரான கார்ல் ஹாகன்பெக். 1907இல் ஹாம்பர்க் நகரையடுத்த ஸ்டெல்லிங்கனில் அவர் திறந்த பூங்காவில், கம்பிகளுக்குப் பதிலாகப் பார்வைக்குப் புலப்படாத அகழிகள் விலங்கையும் மனிதரையும் பிரித்தன. விலங்குக்கு இது ஓரளவு நன்மையே. ஆனால் இதனால் பெரும் பயன் பெற்றது காமிராதான். கம்பி மறைந்தது, கூடவே, இவ்விலங்கு சிறைப்பட்டது என்னும் செய்தியும் படத்திலிருந்து மறைந்தது. செஞ்சியில் அகழியைப் பார்க்கிறவன் அது அகழி என்று அறிந்து பார்க்கிறான். பூங்காவின் படத்தில் அகழி இருந்தும் இல்லாததாகிறது.

நம் சென்னைப் பூங்காவின் வரலாறும் இதற்கு இசைவானது. 1855இல் எட்வர்ட் பால்ஃபர் அருங்காட்சியகத்தின் வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டத் தொடங்கினார். பின்னர் அது மக்கள் பூங்காவுக்குப் பெயர்ந்தது. சென்னைவாசிகள் இவ்விரண்டுக்கும் இட்ட பெயர்கள் எந்தப் புலவரும் இட்டிருக்க முடியாதவை: அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’, மிருகக்காட்சி சாலை ‘உயிர்க் காலேஜ்’. நகரின் நடுவே நெரிசலில் கிடந்த உயிர்க் காலேஜ் வண்டலூர்க் காட்டுக்குப் பெயர்ந்து, 1985 ஜூலை 24 அன்று அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்பு. கம்பிக் கூண்டுகளுக்குப் பதில் அகழி சூழ்ந்த திறந்த வெளிகள். அன்று முதல் தமிழ்நாட்டில் யார் வேண்டுமானாலும், நுழைவுச்சீட்டும் ஒரு காமிராவும் இருந்தால், புலியைக் காட்டில் எடுத்ததுபோல் எடுத்துவிடலாம் என்றாயிற்று. இன்று கைப்பேசியே போதும்.

‘காட்டில் எடுத்ததுபோல்’ என்பதில்தான் சிக்கல். காட்டில் எடுத்த படம் எப்படியிருக்கும் என்று தமிழனுக்குக் காட்டியவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். 1950 தொடங்கி இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கையைப் பற்றி இடையறாது எழுதினார், தமிழிலும் எழுதினார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்துச் செய்துகொண்ட கனத்த காமிராவைச் சுமந்துகொண்டு காடுகளில் நடந்தார். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களில் யானை சில நேரங்களில் சிறியதாகவே இருக்கும். சுற்றிலும் மூங்கில் இருக்கும், மிதிபட்ட புல் இருக்கும், பாதி மறைத்துக்கொண்டு ஒரு மரம் நிற்கும். நாட்காட்டிக்கு அவை உதவா. ஆனால் அந்த யானை எங்கு நிற்கிறது, எதைத் தின்கிறது, யாரோடு நிற்கிறது என்பதெல்லாம் படத்திலேயே இருக்கின்றன.

நம் பழந்தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஓர் உரைகல் உண்டு. விலங்கு கருப்பொருள், நிலமும் பொழுதும் முதற்பொருள். கருப்பொருள் முதற்பொருளின் மடியில் பிறப்பது. புலி என்றால் குறிஞ்சி, முதலை என்றால் நெய்தல், அவ்வந்நிலத்து மரத்தோடும் பறவையோடும் உணவோடும் மக்கள் தொழிலோடும் சேர்ந்தே அவை பொருள் தருகின்றன. நிலத்தை நீக்கிவிட்டு விலங்கை மட்டும் தந்தால் அங்கே பொருள் இல்லை, பொம்மை இருக்கிறது. கிருஷ்ணன் தொல்காப்பியத்தை மனத்தில் வைத்துப் படமெடுத்தார் என்று சொல்ல நான் துணியமாட்டேன். அவருடைய படங்களை மதிப்பிட அந்த இலக்கணம் பொருந்துகிறது என்பதே என் கருத்து.

இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டிய, இன்று உலகெங்கும் புகழ்பெற்ற படைப்பு ஒன்று உண்டு. அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஜோயல் சார்ட்டோர் ‘படப் பேழை’ என்று பொருள்படும் பெயரில் எடுத்துவரும் படத்தொகுதி அது. மனைவி நோயுற்றிருந்ததால் வெளிநாட்டுப் பயணங்களை விட்டு ஊரில் தங்க நேர்ந்த காலத்தில், 2006இல், நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் தம் வீட்டுக்கு அருகிலிருந்த சிறிய பூங்காவில் இதைத் தொடங்கினார். முதலில் எடுத்தது உரோமமில்லாத ஓர் அகழெலியை. அன்று முதல் உலகின் பூங்காக்களிலும் காப்பகங்களிலும் உள்ள ஒவ்வோர் இனத்தையும் படமெடுத்துவிடுவது என்று புறப்பட்டவர், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை எடுத்திருக்கிறார். முறை ஒன்றே. பின்னால் முழுக்கறுப்பு அல்லது முழுவெள்ளை. நிழலில்லை, நிலமில்லை, கம்பியில்லை, காப்பாளர் இல்லை. எலியும் யானையும் ஒரே அளவில் நம்மைப் பார்க்கின்றன.

இதில் ஒரு பெருமை உண்டு. அதை மறுப்பவன் கண்ணில்லாதவன். எலிக்கும் தவளைக்கும் அரசர்களின் ஓவியத்துக்குரிய மதிப்பைக் கொடுத்தவர் அவர். கறுப்புத் திரையின்முன் ஒரு வௌவாலின் முகத்தைப் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகளாக எங்கள் புளியமரத்தில் தலைகீழாகத் தொங்கியவற்றின் முகத்தை நான் ஒருமுறையும் பார்த்ததில்லை என்று உணர்ந்தேன். அது சிறிய செய்தியன்று. மேலும், சில படங்கள் இறுதிச் சான்றாகவே நின்றுவிட்டன. அட்லாண்டாத் தாவரவியல் பூங்காவில் தன் இனத்தில் தனியனாக எஞ்சியிருந்த ராப்ஸ் மரத்தவளையை அவர் எடுத்தார். அத்தவளை 2016இல் இறந்தது. செக் நாட்டின் டுவூர் கிராலோவே பூங்காவில் நபிரே என்னும் வடபுல வெள்ளைக் காண்டாமிருகத்தை எடுத்தார். படமெடுத்த ஒரு வாரத்தில், 2015 ஜூலையில், அது மாண்டது.

இருந்தும் என் மனம் அப்படங்களில் முழுதும் ஒப்பவில்லை. காரணம் அதன் பெயரிலேயே இருக்கிறது. பேழை என்றால் நமக்கு நோவாவின் பேழை. அக்கதையை மறைக்கல்வி வகுப்பில் படித்த எந்தக் குழந்தையும் இணை இணையாக விலங்குகள் உள்ளே ஏறுவதைத்தான் வரையும். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து சாளரத்தில் நீண்டிருக்கும். ஆனால் தொடக்க நூலில் கதை அங்கே முடிவதில்லை. நீர் வடிகிறது, பேழை மலைமேல் தங்குகிறது, நோவா காகத்தையும் புறாவையும் விட்டுப் பார்க்கிறார், புறா ஒலிவ இலையோடு வருகிறது, கடைசியில் விலங்குகள் யாவும் இனம் இனமாக வெளியேறுகின்றன. பேழை கட்டப்பட்டதே இந்த வெளியேற்றத்துக்காகத்தான். வெளியே செல்லும் கதவில்லாத பேழை மிதக்கும் கூண்டு. சார்ட்டோரின் கறுப்புத் திரைக்குப் பின்னால் கதவு இருக்கிறதா என்று படத்தைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. நிலத்தை நீக்கிய கலைஞர், அவ்விலங்கு திரும்பிப் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு என்ற நினைவையும் நீக்கிவிடுகிறார். இது வேண்டுமென்றே செய்த பிழையன்று. அம்முறையோடு கூடப் பிறந்த குறை.

இப்படி நான் சொன்னபோது நண்பர் ஒருவர், “படம் காப்பாற்றுவதற்கு நிதி சேர்க்கிறதே, அது போதாதா?” என்றார். நிதி சேர்ப்பது நல்லதுதான். ஆனால் நான் இங்கே படத்தை மதிப்பிடுகிறேன், உண்டியலை அல்ல.

ஏட்டில் இருப்பதால் மட்டும் உயிர் மீளாது என்பதற்குப் பழைய சான்றுகள் உண்டு. வரிக்குதிரையின் கிளையினமான குவாகா உயிரோடிருந்தபோது எடுத்த படங்கள் ஐந்தே ஐந்து. ஐந்தும் இலண்டன் பூங்காவிலிருந்த ஒரே பெண்குதிரையின் படங்கள். 1860களை ஒட்டிய ஆண்டுகளில் எடுத்தவை. 1883 ஆகஸ்டு 12 அன்று ஆம்ஸ்டர்டாம் பூங்காவில் கடைசிக் குவாகா இறந்தபோது அது கடைசி என்பதுகூட அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. டாஸ்மேனியாவின் பைம்மா ஓநாயை 1933இல் ஹோபார்ட் பூங்காக் கூண்டில் டேவிட் ஃப்ளே என்பவர் அசையும் படமாகவே எடுத்தார். காமிராத் துணிக்குள் தலையை நுழைத்திருந்தவரின் பின்புறத்தை அது கடித்துவிட்டதாம். விலங்குப் பட வரலாற்றில் விலங்கே எழுதிய விமர்சனம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். 1936 செப்டம்பர் 7 அன்று அங்கேயே அவ்வினத்தின் அறியப்பட்ட கடைசி உயிரும் பிரிந்தது. அப்படங்களில் அடைப்பும் கம்பியும் தெரிகின்றன. எடுத்தவர்கள் அவற்றை மறைக்க எண்ணவில்லை. அதனாலேயே அவை இன்றும் நம்மை உறுத்துகின்றன.

சரி, கதவு தெரியும் படம் எது? வெகு தொலைவு போக வேண்டியதில்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணைக்குச் செல்வோம். ரோமுலஸ் விட்டேக்கரும் ஸாய் விட்டேக்கரும் 1976இல் தோற்றுவித்தது. நாட்டில் முதலைகள் அருகிப்போன காலம் அது. 1975இல்தான் நடுவணரசின் முதலைக் காப்புத் திட்டமும் தொடங்கியிருந்தது. மணலில் முட்டையிடச் செய்து, குஞ்சு பொரித்து வளர்த்துப் பெருக்கினார்கள். ஆற்று முதலையான மகர் பல்லாயிரமாகப் பெருகும் அளவுக்கு அப்பணி வெற்றி பெற்றது. அங்கே போகிற ஒவ்வொருவரும் எடுக்கும் படம் ஒன்று உண்டு: ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் முதலைகள் வாய்பிளந்து வெயில் காயும் படம். ‘எத்தனை முதலைகள்!’ என்று வியக்கிறோம். காப்புப் பணியின் வெற்றிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்கிறோம்.

அதே படத்தை மீண்டும் பாருங்கள். அவை ஏன் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன? முதலைகள் சேர்ந்து வெயில் காய்பவைதாம். ஆனால் இத்தனை முதலைகள் இங்கேயே இருப்பதற்குக் காரணம் வேறு: போக இடமில்லை. ஆறுகளும் ஏரிகளும் மக்களால் நிறைந்துவிட்டன. முதலையை விட வந்தால் எந்த ஊர் ஒப்பும்? விடுவிப்பது நின்றது, பெருக்குவதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. அண்மை ஆண்டுகளில் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரிலுள்ள தனியார் காப்பிடத்துக்கு மாற்றும் ஏற்பாடு நீதிமன்றம் வரை சென்று, நீதிமன்றமும் தடுக்காமல் விட்டது. ஒரு பேழையிலிருந்து மற்றொரு பேழைக்கு! மலைமேல் தங்கியும் கதவு திறக்க முடியாத பேழையின் படம் அது. அதை எடுத்தவர்கள் பெரும்பாலும் இதை அறியாமல் எடுத்திருக்கிறார்கள். அறிந்து எடுத்திருந்தால் வேலிக்கு அப்பாலிருக்கும் கடற்கரைச் சாலையின் கட்டடங்களையும் சட்டத்துக்குள் சேர்த்திருப்பார்கள்.

அதே வளாகத்தில் அதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் நடைபெறுகிறது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே நஞ்செடுத்துக் காட்டுகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் மண்பானைகளில் இருக்கும். இருளர் ஒருவர் பானையின் வாய்த்துணியை அவிழ்த்து, பாம்பை வெளியே எடுத்து, தலையைப் பற்றி, கண்ணாடிக் குவளையின் விளிம்பில் கடிக்கவைப்பார். பசுமஞ்சள் நிறத்தில் சில துளிகள் வழியும். நாட்டின் நச்சுமுறி மருந்துக்கு அத்துளிகளே ஆதாரம். சில வாரங்களில் சில முறை நஞ்செடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுப் பாம்பை மீண்டும் விட்டுவிடுவார்கள். தோலுக்காகப் பாம்பு கொன்ற காலம் மாறி, உயிரோடு விடுவதற்காகப் பிடிக்கும் காலம் வந்தது.

இந்நிகழ்ச்சியின் படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாம்பின் படம் எடுக்க வந்தவரும் கையை விட்டுவிட்டு எடுக்க முடியாது. நகம் தேய்ந்த, நரம்போடிய, அஞ்சாத ஒரு கை சட்டத்தின் நடுவில் வந்தே தீரும். எங்கள் செஞ்சி, திண்டிவனம் பக்கங்களில் ஏரிக்கரைகளில் குடியிருக்கும் இருளரை நாம் அறிவோம். வயலில் எலி பிடிக்க அழைப்போம். அவர்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டபோது அவர்கள் முகம் நாளிதழ்களில் வந்தது. அதுவரை வந்த நூற்றுக்கணக்கான படங்களில் கை மட்டுமே இருந்தது. முகம் சட்டத்துக்கு வெளியே. பாம்புக்கு அடியில் அதன் அறிவியற் பெயர்கூட அச்சாகியிருக்கும். கைக்கு உரியவருக்குப் பெயர் இராது.

உயிரியல் பூங்காவின் மெய்யான காப்புப் பணி பெரும்பாலும் காமிராவுக்கு எட்டாத இடத்தில் நடைபெறுகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சிங்கவால் குரங்கை வண்டலூரில் நெடுங்காலமாகப் பேணிப் பெருக்கி வருகிறார்கள். இப்படிப்பட்ட இனங்களின் பெருக்கத்தைப் பார்வையாளர் கண்ணுக்கு அப்பால், மனித ஓசை குறைந்த அடைப்புகளில் நடத்துவதே முறை. மனிதருக்குப் பழகிப்போன விலங்கு காட்டுக்குத் திரும்ப முடியாது. ஆக, படமெடுக்க எளிதான விலங்கு திரும்பிப் போகத் தகுதி குறைந்தது. திரும்பிப் போகத் தகுந்தது படத்துக்கு வராது. துறையின் முரண்பாடு இதுதான்.

இம்முரண்பாட்டையே பாடுபொருளாக்கிய ஒருவர் உண்டு. அமெரிக்கப் பெண்கலைஞர் ஏமி விட்டாலி. சீனாவின் வோலாங்கில் பாண்டாக் கரடிகளைக் காட்டுக்கு ஆயத்தப்படுத்தும் காப்பாளர்கள், குட்டிகள் மனிதரைக் கண்டு பழகிவிடாதிருக்க, பாண்டாவின் சிறுநீர் மணமேற்றிய பாண்டா உடையை அணிந்து நடமாடுகிறார்கள். அவர்களை அந்த உடையிலேயே அவர் படமெடுத்தார். 2016இல் அப்படங்கள் வெளிவந்தன. முதலில் சிரிப்பு வருகிறது. மழலையர் பள்ளி ஆண்டுவிழாவில் கரடி வேடம் கட்டியவரைப் போல ஒருவர் மரத்தடியில் நிற்கிறார். பிறகு சிரிப்பு அடங்குகிறது. தன் முகத்தை மறைத்துக்கொண்டு, தன்னை அறியாதிருக்க வேண்டும் என்பதற்காகவே ஓர் உயிரைப் பேணுகிற மனிதன் அவன். இந்தப் படத்தில் அழகு குறைவு. ஆனால் பணி இருக்கிறது, நிலம் இருக்கிறது, கதவும் இருக்கிறது.

அதே கலைஞரின் மேலும் புகழ்பெற்ற படத்தை என்னால் அவ்வளவு மனமொப்பிப் பாராட்ட முடியவில்லை. கடைசி ஆண் வடபுல வெள்ளைக் காண்டாமிருகமான சூடான், 2018 மார்ச்சில் கென்யாவில் இறக்கும் தறுவாயில் கிடக்க, காப்பாளர் அதன் தலையோடு தன் நெற்றியைச் சேர்த்திருக்கும் படம். வியாகுல அன்னையின் மடியில் மகனின் உடலைப் பார்த்துப் பழகிய நம் கண் அதைக் கண்டதும் கலங்கிவிடுகிறது. கலங்குவதில் தவறில்லை. ஆனால் கலங்கிய கண்ணுக்கு வரலாறு தெரிவதில்லை. இளங்கன்றாக 1975இல் பிடிபட்டு, முப்பதாண்டுக்கு மேல் டுவூர் கிராலோவே பூங்காவில் கழித்து, 2009 டிசம்பரில்தான் அது ஆப்பிரிக்கா மீண்டது. கதவு திறந்தபோது காலம் கடந்திருந்தது. அந்தத் தாமதத்தின் படம் நம்மிடம் இல்லை. இறுதி அணைப்பின் படம் மட்டும் இருக்கிறது.

நம் வண்டலூரிலும் அப்படி ஒரு காலம் வந்தது. 2021 ஜூனில் பூங்காவின் சிங்கங்களைக் கொரோனாத் தொற்று பற்றியது. ஜூன் 3 அன்று நீலா என்னும் பெண்சிங்கமும், 16 அன்று பத்மநாதன் என்னும் ஆண்சிங்கமும் இறந்தன. தலைமுதல் கால்வரை பாதுகாப்பு உடையணிந்த பணியாளர்களின் படங்கள் அப்போது நாளிதழ்களில் வந்தன. பார்வையாளர் எவரும் இல்லாத பூங்கா. கலை நோக்கில் அவை சாதாரணச் செய்திப் படங்களே. ஆனால் பல ஆண்டுகளாக அப்பூங்காவிலிருந்து வந்த படங்களில் நான் முதன்முறையாகப் பணியாளர்களைக் கண்டது அவற்றில்தான்.

பேழையின் கதவு திறந்த கதைகளும் உண்டு. அரேபிய ஓரிக்ஸ் மான் 1972இல் பாலைவனத்தில் அற்றுப்போயிற்று. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பூங்காவில் 1963 முதல் பேணிய மந்தையின் வழியே, 1982இல் ஓமானின் பாலையில் மீண்டும் விடப்பட்டது. நீள்மூக்கு முதலையான கரியால், ஒடிசாவின் நந்தன்கானனில் 1980இல் முதன்முதலாகச் சிறைக்காப்பில் குஞ்சு பொரித்தது. அதற்கான ஆண் முதலை ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் பூங்காவிலிருந்து வந்தது. ஆறுகளில் விடுவிக்கப்பட்ட இவற்றை எடுத்த படங்கள் மங்கலாக, தொலைவில், பெரும்பாலும் முதுகு மட்டும் தெரிய இருக்கும். விடுபட்ட விலங்கு நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நாட்காட்டிக்காரர் அதை வாங்கமாட்டார்.

இத்தனையும் எழுதுகிற எனக்கு, என்னைப் பற்றிய ஒன்றையும் சொல்லவேண்டிய கடன் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பிள்ளைகளை வண்டலூருக்கு அழைத்துச் சென்றபோது, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் என்னையும் உடனழைத்தார்கள். விடியுமுன் புறப்பட்டு, செஞ்சி, திண்டிவனம் வழியே போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் ஆசிரியர்களின் கைப்பேசிகளை வாங்கி மாறி மாறிப் படமெடுத்தார்கள். வெண்புலியின் முன்தான் கூட்டம் மிகுதி. ஊர் திரும்பியபின், நல்ல படங்களைத் தெரிந்து பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதென்று முடிவாயிற்று. தெரிந்தெடுத்த மூவரில் நானும் ஒருவன். ஏழு படங்களைத் தேர்ந்தோம். நான்கில் வெண்புலி இருந்தது.

நாங்கள் ஒதுக்கிய படங்களில் ஒன்று ஏழாம் வகுப்பு மாணவி எடுத்தது. அதில் விலங்கே இல்லை. ஒரு பணியாளர் பெரிய தழைக்கட்டு ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு முதுகைக் காட்டிப் போகிறார். பக்கத்தில் ஒரு வெற்று அடைப்பு. ஈரத்தரையில் துடைப்பம் கிடக்கிறது. பின்சுவரில் ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. சட்டம் சாய்ந்திருந்தது. “விலங்கு எங்கம்மா?” என்று கேட்டேன். “இவரு எங்க தாத்தா மாதிரியே நடந்தாரு சார், அதான் எடுத்தேன்” என்றாள். அவளுடைய தாத்தா அவலூர்பேட்டைச் சந்தைக்கு ஆட்டுத்தழை கட்டிக்கொண்டு வருபவர். சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

அவள் போகவில்லை. பலகையின் பக்கத்திலேயே நின்றுகொண்டு தன் படத்தைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தச் சிறு கதவின்மேல் விரலை வைத்து, “இது எங்க சார் போவுது?” என்று கேட்டாள்.

“உள்ளே இன்னொரு அறைக்கு” என்றேன்.